லீவே விடாத மாஸ்டர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்த தை மாசத்தில் நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம், ஆசிரமங்கள் இருக்கிற பகுதியில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியில் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

எங்கள் தெருவில் வீட்டை விட்டு வந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. மனைவியை விட்டு வந்தவர், வேலையை விட்டு வந்தவர், ஜெர்மனியையே விட்டு வந்தவர் என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். 'நான் யார்' என்று தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டால் மட்டும், தாங்கள் யார் என்று எல்லோருக்கும் உடனே ஞாபகம் வந்துவிடும்.

அப்படி வந்தவர்களில் என்னிடம் நல்ல பேர் வாங்கிய ஒரே ஆள், எங்கள் மாடி ரூமில் குடியிருந்த கராத்தே மாஸ்டர்தான். ஐம்பது தாண்டியவர். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்து, அதை உதறிவிட்டு வந்தவர். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் முடிஞ்சதுங்க" என்பார். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து மொட்டை மாடியைப் பெருக்கித் தனியாகப் பயிற்சி செய்வார். அப்புறம் பிள்ளைகள் வருவார்கள். மழை பெய்தால் படிக்கட்டில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பார். பௌர்ணமிக்கு ஊரே கிரிவலம் போகும், அன்றைக்கும் அவருக்கு கிளாஸ் உண்டு. காய்ச்சலோடு நின்று சொல்லிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். நான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். டி.வி. முன்னால் உட்கார்ந்தே தொப்பை வளர்த்த என் வீட்டுக்காரரை, இவரைக் காட்டிக் காட்டியே திட்டியிருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால், கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நிற்கிறாள். இருபத்தைந்து வயசு இருக்கும். சுடிதார், தோளில் ஒரு பை. முதல் பஸ் பிடித்து ஆரணியிலிருந்து வந்திருக்கிறாள். மாஸ்டரின் மகள் என்றாள். அவருக்கு மகள் இருப்பதே எனக்குத் தெரியாது. கிளாஸுக்கு வரும் பிள்ளையின் அப்பா ஒருவர் போனில் போட்ட வீடியோவைப் பார்த்துத்தான் இடம் கண்டுபிடித்தாளாம். மாஸ்டர் வீட்டை விட்டுப் போனபோது அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மேலே கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் கட்டா செய்துகொண்டிருந்தார். எதிரே ஆளே இல்லாமல், நாலு பக்கமும் திரும்பித் திரும்பி, அடியையும் தடுப்பையும் ஒரே வரிசையாகச் செய்வதற்கு கராத்தேயில் அப்படிப் பேர். நான் கூப்பிட வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். "ஆரம்பிச்சுட்டா நடுவுல கூப்பிடக் கூடாது ஆன்ட்டி."

அவர் திரும்பியபோது எங்களுக்கு நேர் எதிரே முகம் வந்தது. மகளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, கண் ஒரு நொடி நின்றது. கை கால் மட்டும் நிற்கவில்லை. மறுபடி அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் அவள் பையைக் கீழே வைத்தாள், செருப்பைக் கழற்றினாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். அவர் முடித்து அடுத்ததைத் தொடங்கியபோது, அவருக்குப் பின்னால் போய் நின்று தானும் தொடங்கினாள்.

இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி அசைந்தார்கள். ஒரே நேரத்தில் திரும்பினார்கள், ஒரே நேரத்தில் கத்தினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் அந்த மனிதர் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று நினைத்து, முட்டாள் மாதிரி நான் முன்கூட்டியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

முடிந்தது. இரண்டு பேரும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். அத்தனை வருஷம் கழித்துப் பெற்ற மகளைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "திரும்பும்போது இடது குதிகால் தூக்குது. அப்பவே சொல்லியிருக்கேன்."

"சரிப்பா" என்றாள்.

பையிலிருந்து பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். "எனக்குக் கல்யாணம்பா. நீங்களும் அம்மாவும் நின்னுதான் தாரை வார்க்கணும். அம்மா கிட்ட நான் பேசிட்டேன், யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

அவர் பிரித்துப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமையா? கிளாஸ் இருக்கே."

அதற்குள் பிள்ளைகள் திமுதிமுவென்று படியேறி வந்துவிட்டார்கள். அவர் அவர்களை வரிசையில் நிற்கவைக்கப் போய்விட்டார். நான் அந்தப் பெண்ணைக் கீழே அழைத்து வந்து, உட்காரவைத்து, காபி கொடுத்தேன். என் வாய் சும்மா இருக்குமா? நீயும் எதுக்கும்மா இந்தக் கண்றாவியை இன்னும் செஞ்சுகிட்டிருக்கே என்று கேட்டுவிட்டேன். ஆரணியில் ஒரு ஸ்கூலில் பெண் பிள்ளைகளுக்கு அவள்தான் கராத்தே டீச்சராம்.

"வீட்ல அவர் யார்கூடவும் பேச மாட்டாரு ஆன்ட்டி. பிராக்டீஸ் பண்றப்ப மட்டும்தான் என்னைப் பாப்பாரு. கைய மாத்து, கால மாத்துன்னு எதனா சொல்லுவாரு. அவர் போனப்புறமும் நான் விடலை. எப்பனா திரும்பி வந்து பாத்தா, மறந்துட்டியான்னு கேக்கக் கூடாதில்ல."

கராத்தே, சிலம்பம் என்று வாழ்க்கையையே கொடுத்துவிடுகிறவர்களைப் பற்றிக் கேட்டால் தைரியம், ஒழுக்கம், தற்காப்பு என்று என்னென்னவோ சொல்வார்கள். மாஸ்டரே சொல்லி நான் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். அப்பா என்றைக்காவது வந்து பார்ப்பார் என்பதற்காக ஒரு பெண் விடியற்காலையில் எழுந்து காலை உதைத்துக்கொண்டிருப்பாள் என்று மட்டும் எனக்கு யாரும் சொன்னதில்லை. போகும்போது, அப்பா வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று எனக்கும் ஒரு பத்திரிகை வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் நான் மாஸ்டரை விடவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் சாக்கில் மாடிக்குப் போய், போவீங்கதானே, போவீங்கதானே என்று நச்சரித்தேன். "உனுக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு? வாடகை வருதா, பேசாம இரு" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார். மாஸ்டர் பிடி கொடுத்தே பேசவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் ரூம் ஜன்னலில் புது வேட்டியும் வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்டுத் தொங்கின. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று பேரும் சேர்ந்தே போய்விடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவரைக் கூப்பிட மேலே போனேன். மாடியில் கராத்தே டிரெஸ்ஸில் நின்று கட்டா செய்துகொண்டிருந்தார். இந்த முறை நடுவிலேயே கூப்பிட்டேன். நிறுத்தவில்லை. முடிக்கும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் மாஸ்டர், புதுச் சட்டையெல்லாம் வாங்கினீங்களே?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். "போலாம்னுதாங்க வாங்கினேன். இதுல தப்பு வந்தா நாளைக்குத் திருத்திக்கலாம். அங்க போயி எதைத் திருத்தறது? எல்லாரும் என் மூஞ்சியையே பாப்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்துப் பேரை ஒரே ஆளாக அடிக்கத் தெரிகிறது, பெற்ற பெண்ணின் கல்யாண மண்டபத்துக்குள் நுழைய பயமா, இந்தப் பயத்தை மறைக்கத்தான் இவ்வளவு காலமும் காற்றைக் குத்திக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பாயைத் தட்டிப் போட ஆரம்பித்தார். கீழே முதல் பிள்ளையின் சைக்கிள் மணி கேட்டது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆரணிக்குப் போனோம். மண்டப வாசலுக்குப் பெண்ணே வந்துவிட்டாள், முகூர்த்தப் புடவையோடு, தலை நிறைய பூவோடு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். என் வீட்டுக்காரர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அவரைத் தாண்டியும் ரோட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"கிளாஸா ஆன்ட்டி?"

பயந்துகொண்டு வரவில்லை என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? ஆமாம்மா என்றேன்.

"அதானே பாத்தேன். எங்கப்பா எதுக்கும் லீவே விட மாட்டாரு" என்று பக்கத்தில் நின்ற தோழியிடம் திரும்பிச் சொன்னாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் குரலில் ஒரு பெருமை இருந்தது. சத்தியமாகப் பெருமைதான். அவள் அழுதிருந்தால் நானும் கூட அழுதுவிட்டு மறந்திருப்பேன். தாய்மாமாவும் அத்தையும் மணையில் நின்று தாரை வார்த்தார்கள். அவளுடைய அம்மா ஒரு ஓரமாக நின்றிருந்தார்.

மாஸ்டர் இன்னும் எங்கள் மாடியில்தான் இருக்கிறார். காலி செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முன்போல நின்று பேசவும் மனசு வரவில்லை. பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு கலைக்காகவே வாழ்கிற மனுஷனா என்று என்னிடமே வியக்கிறார்கள். ஒருவர் தன் வாழ்க்கை மொத்தத்தையும் ஒன்றுக்கே கொடுத்துவிட்டார் என்று யார் புகழ்ந்தாலும் சரி, அதற்காக இன்னும் யார் யாருடைய வாழ்க்கையை எடுத்துக் கொடுத்தார் என்றுதான் எனக்கு இப்போதெல்லாம் கேட்கத் தோன்றுகிறது.