இடது பின் கதவு

இது நடந்தது, கண்ணுகளா. குணசேகரன் தன் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. ராத்திரியில் நடந்ததுகூட இல்லை. வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல் மூன்று மணி.

நீடாமங்கலத்தில் மன்னார்குடி சாலையோரம் தகரக் கொட்டகை போட்டு, கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிக் கொடுப்பவர் அவர். கதவு அதிர்கிற சத்தத்தைக் கண்டுபிடிப்பது இரண்டு பேர் வேலை. அவர் டிக்கியைத் திறந்து, சப்வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று, அடித்தொண்டை ஒலி ஒன்றை ஓடவிடுவார். மனைவி தங்கமணி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, கதவை உள்ளங்கையால் அங்கங்கே அழுத்திப் பார்ப்பாள். எங்கே அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ, அங்கே ஒரு தட்டு. ‘இங்கதான்’ என்று அர்த்தம்.

போன ஆடியில் தங்கமணி போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு தட்டுவதற்கு ஆளில்லை. பேசுவதற்கும் இல்லை.

அன்று வந்தது செந்தில்குமாரின் கார். குவைத்திலிருந்து லீவில் வந்தவன், பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தான்.

“எல்லாம் நல்லா இருக்குண்ணே. இடது பின் கதவு மட்டும் கிர்ருங்குது. பாப்பா அந்தப் பக்கந்தான் தூங்கும்.”

“விட்டுட்டுப் போ தம்பி. மொதல்ல கதவைத் தூங்க வைக்கிறேன்.”

கதவின் உள்பலகையைக் கழற்றினார். அடியில் வண்டல் மண். தொட்டால் ஈரம். ஆற்றில் மணல் காய்கிற மாதத்தில் ஈர வண்டல்... வண்டி கழுவியவன் தண்ணீரைப் பீய்ச்சியிருப்பான் என்று துடைத்துப் போட்டார். அதிர்வு தாங்கும் ஷீட்டை ஒட்டினார். பலகையை மாட்டினார். கதவைச் சாத்தினார்.

மணி 3.10. டிக்கி பக்கத்தில் நின்று ஒலியை ஓடவிட்டார்.

கிர்ர்ர்...

இன்னும் இருந்தது. அலுப்போடு நிமிர்ந்தார்.

கிர்ர்... நின்றுவிட்டது.

ஒலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதவு மட்டும் அடங்கிவிட்டது. யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தியதுபோல.

டும்.

ஒரே ஒரு தட்டு.

குணசேகரனுக்குப் பயம் வரவில்லை, கண்ணுகளா. அதுதான் கொடுமை.

“தங்கமணி?”

டும்.

ஒலியை நிறுத்தினார். தட்டு நிற்கவில்லை. சுற்றி வந்தார். கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. கதவில் கை வைத்தார். தகரக் கொட்டகை வெயிலில் கொதிக்கிறது... கதவு சில்லென்றிருந்தது.

திறக்கலாம். திறந்தால் போய்விடுவாளே.

அப்படியே தரையில் உட்கார்ந்து, கதவோடு தலையைச் சாய்த்துக்கொண்டார்.

“நம்ம பொண்ணு அனுராதாவுக்குப் பையன் பொறந்திருக்கான். ஒன் மூக்கு.”

டும். டும். டும்.

“சரி சரி. கேக்குது. நான் எங்கயும் போகல.”

தட்டு வேகமானது. பிறகு மெதுவானது.

டும்...

டும்...

மணி 3.16. நின்றுவிட்டது.

கதவைத் திறந்தார். சீட்டில் யாருமில்லை. உள்பலகையில் ஈரமாய் ஒரு கைத்தடம். இடது கை. ஐந்து விரலும் முழுசாய்.

தங்கமணிக்கு இடது சுண்டுவிரல் பாதிதான். கதிரடிக்கிற மெஷினில் போனது.

நாலு நாள் கழித்து, கிரேன் ஓட்டுகிற பகலவன் அந்த வழியாக வந்தான். செந்தில்குமார் இன்னும் எடுத்துப் போகாத காரைப் பார்த்துவிட்டு இறங்கினான்.

“இது எப்படிண்ணே இங்க? வெண்ணாத்துலேர்ந்து இத நாந்தான தூக்குனேன். ரெண்டு வருஷம் இருக்கும்.”

“உள்ள ஆள்?”

“ஒரு பொண்ணு. பின்னாடி, எடது பக்கம். கதவு திறக்கல. வண்டி நாணலுக்குள்ள எறங்கிப்போச்சு, யாரு கண்ணுக்கும் படல. அக்கரையில ஆடு மேய்ச்சவங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டுருக்கு. டும் டும்னு. எவனோ கார்ல பாட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்கான்னு நெனச்சுட்டாங்க.”

“எவ்ளோ நேரம் கேட்டுச்சாம்?”

“ஆறு நிமிஷம்னாங்க. ஒருத்தரும் எந்திரிச்சுப் போகலண்ணே.”

குணசேகரன் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

“நானும் திறக்கலியே” என்றார்.