வெயிலுகந்தம்மாளின் சிம்லா

கோவில்பட்டி ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க்காக இருந்த சாமித்துரைக்கு, குடும்பத்தோடு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்வர வருஷத்துக்கு ஒரு ரயில்வே பாஸ் கிடைக்கும். மற்ற ஊழியர்கள் அதை வைத்துக்கொண்டு பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போய்வந்தார்கள். சாமித்துரை ஏழு வருஷமாக எங்கும் போகவில்லை. பாஸில் எழுதித் தரக்கூடிய ஊர்களிலேயே ஆகத் தூரமான ஊர் எது என்று கால அட்டவணையில் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் சிம்லா என்று முடிவு செய்தார். அதைவிடத் தூரமான ஊர்களும் இருந்தன. ஆனால் அங்கெல்லாம் பனி விழுவதில்லை.

1961 கார்த்திகையில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அரைப் பரீட்சை லீவுக்குப் பனி பார்க்கப் போகிறோம் என்று மனைவியிடம் சொன்னார்.

"மார்கழி பிறந்தா இங்கனயே விழத்தான் செய்யுது. அதைப் பாக்க எதுக்கு ரயிலு?" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

அது வேறு பனி என்றார் சாமித்துரை. எப்படி வேறு என்று அவள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெள்ளையாக இருக்கும், தரையெல்லாம் குவிந்து கிடக்கும் என்றார்.

"உப்பளம் மாதிரியா?"

"உப்பளம் மாதிரிதான். ஆனா உப்பு கெடையாது."

அப்படியென்றால் தூத்துக்குடிக்குப் போய்வரலாமே, காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடலாம் என்று அவள் சொன்னாள். சாமித்துரை மோர் ஊற்றச் சொன்னார்.

வெயிலுகந்தம்மாளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. நாகலாபுரத்துப் பக்கம் ஆட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதுவரை அப்பாவின் கிடையோடு கரிசல் காடுகளில் நடந்தவள். மழையானாலும் பனியானாலும் ஆடு எங்கே படுக்கிறதோ அங்கே படுக்கை. சாமித்துரையும் அதே வகையறாதான். ஆனால் அவருடைய அப்பா ஆட்டை விற்றுவிட்டு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலைக்குப் போனவர். சாமித்துரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். ரயில்வே குடியிருப்பில் யாராவது பெண்டாட்டியின் பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் "விவசாயம்" என்று சொல்வார். வெயிலுகந்தம்மாளையும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தார். அவளும் சொன்னாள். என்ன விவசாயம் என்று கேட்டால் மட்டும் அவளுக்குப் பதில் வராது.

கோவில்பட்டியில் கம்பளிச் சட்டை கிடைப்பது சுலபமாக இல்லை. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த செய்யது அலியிடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் மதுரைச் சரக்கோடு தவறுதலாக வந்த சட்டை. திருப்பி அனுப்ப மறந்து, பிறகு விற்கவும் மறந்துவிட்டார். அதற்குள் இரண்டு சாமித்துரைகள் நுழையலாம். "அண்ணாச்சி, குளிருக்கு லூசாத்தான் போடணும்" என்று செய்யது அலி சொன்னார். அவரும் குளிரைப் பார்த்ததில்லை. சாமித்துரை அதை வாங்கிக்கொண்டார். இந்தி கற்றுக்கொள்ள ஒரு புத்தகமும், வழுவழுப்பான அடித்தோல் வைத்த புது பூட்ஸும் வாங்கினார்.

பெண்பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ராதாமணிக்குப் பத்து வயது, இளையவள் வள்ளிக்கு ஆறு. அவர்களுக்கும் தனக்கும் சேர்த்து வெயிலுகந்தம்மாள் மூன்று கொங்காணி தைத்தாள். கோணிச் சாக்கை ஒரு மூலையில் மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டால் முதுகுவரை மூடும். மழைக்காலத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் போட்டுக்கொள்வது. அதில் பழைய சேலையை உள்துணியாக வைத்து இரட்டைத் தையல் போட்டாள். சிம்லாவில் சாக்கைப் போட்டுக்கொண்டு திரிந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சாமித்துரை கேட்டார். அவள் அவற்றை டிரங்குப் பெட்டியில் அரிசிக்கு அடியில் வைத்தாள்.

கிளம்பிய அன்றைக்கு நல்ல மழை. குடியிருப்பிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்ததில் ஆளுக்கொரு வீசை கரிசல் மண் காலோடு ஏறிக்கொண்டது. சென்னை போய் ரயில் மாறி, டெல்லி போய் ரயில் மாறி, கால்காவில் சின்ன ரயில் ஏறி, ஐந்தாம் நாள் சாயங்காலம் சிம்லாவில் இறங்கினார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. தரை வெள்ளையாகக் கிடந்தது. சாமித்துரை பிளாட்பாரத்தில் நின்று, "பாத்தியா?" என்றார். பிறகு ஸ்டேஷன் வாசலைத் தாண்டிப் பனியில் கால் வைத்தார். மொத்தம் பதினோரு அடி நடந்தார். பன்னிரண்டாவது அடிக்குப் புது பூட்ஸ் ஒத்துவரவில்லை.

வலது கணுக்கால் பிசகிவிட்டது. அந்த ஊரில் சுமைகூலிகள் முதுகில்தான் சுமை ஏற்றுவார்கள். ஒரு கூலிக்காரர் வந்து சாமித்துரையைச் சுற்றிப் பார்த்தார், குனிந்தார், கயிற்றுப் பட்டையை அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பதினான்கு வருஷம் மற்றவர்களின் பொதிகளுக்குச் சீட்டு ஒட்டிய சாமித்துரை, கூலிக்காரரின் முதுகில் பின்பக்கம் பார்த்தபடி மலை ஏறினார். அவர் கண்ணுக்கு நேராகப் பெண்டாட்டியும் பிள்ளைகளும் சாக்கு மாட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. எப்போது எடுத்து மாட்டினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஓட்டலின் பெயர்ப்பலகையைப் பனி மூடியிருந்தது. அதனால் அதன் பெயர் என்ன என்பது கடைசிவரை அவர்களுக்குத் தெரியாது. கோடைக்குத்தான் அங்கே ஆள் வருவார்களாம். அந்த டிசம்பரில் அவர்களைத் தவிர வேறு யாரும் தங்கவில்லை. ஓட்டல்காரர் வயதான மலைக்காரர். உதவிக்கு ஒரு சமையல்காரர் மட்டும் இருந்தார். கணப்பு இருக்கிற ஒரே அறை என்று பின்பக்க அறையைத் திறந்துவிட்டார்கள். அதன் ஜன்னலைத் திறந்தால் இரண்டடி தள்ளிச் சமையல்கட்டின் தகரச் சுவர்.

கட்டுப்போட வந்த கம்பவுண்டர் நான்கு விரலைக் காட்டிவிட்டுப் போனார். நான்கு நாள் கால் ஊன்றக் கூடாது. சாமித்துரை நான்கு ரஜாய்ப் பஞ்சுப் போர்வைக்கு அடியில் செய்யது அலியின் சட்டையோடு படுத்துக்கொண்டார். இந்திப் புத்தகத்தில் அவர் முதல் பாடம்தான் முடித்திருந்தார். இது மேஜை, அது நாற்காலி, என் மாமா நல்லவர். அறையில் மேஜையும் நாற்காலியும் இருந்ததால் முதல் நாள் ஓட்டல்காரரோடு பேச்சு தடையில்லாமல் நடந்தது.

வெயிலுகந்தம்மாள் அடுத்த நாள் காலையில் பிள்ளைகளோடு வெளியே போனவள், மத்தியானம்தான் வந்தாள். மூன்று பேருக்கும் மூக்கு சிவந்திருந்தது. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். அவர் மேலும் எதிர்பார்த்தார். அவள் யோசித்து, "மிதிச்சா காலுல ஒட்ட மாட்டேங்கு" என்றாள். கரிசலில் பிறந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் ஏழு வருஷம் கால அட்டவணை பார்த்தவருக்கு அது போதவில்லை. ராதாமணியைக் கேட்டார். அவள் பஞ்சு மாதிரி என்றாள். வள்ளி, தின்று பார்த்ததாகவும் ருசி இல்லை என்றும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பனி விழ ஆரம்பித்தது. பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். சாமித்துரை ஜன்னலைத் திறக்கச் சொன்னார். சமையல்கட்டுக் கூரையின் இறவாரம் ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்ததால் அங்கே மட்டும் விழவில்லை. தகரச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குளிருகிறது, சாத்து என்றார்.

விடிந்தபோது ஓட்டல்காரரின் சத்தம் கேட்டது. சமையல்கட்டை ஒட்டிச் சரிவில் இருந்த ஆட்டுக்கொட்டகை பனிப் பாரம் தாங்காமல் இரவில் உட்கார்ந்துவிட்டது. பாலுக்கு வளர்த்த மூன்று வெள்ளாடுகள் உள்ளே இருந்தன. வெயிலுகந்தம்மாள் போய்ப் பார்த்தபோது ஓட்டல்காரரும் சமையல்காரரும் மேல்பக்கம் நின்று மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை மேடு.

ஆடு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அவளுக்குத் தெரியும். காற்றுக்கு முதுகு கொடுத்துத் தாழ்ந்த பக்கம்தான் போகும். அவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் செய்யாத ஒன்றைச் செய்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, நாக்கை மேலண்ணத்தில் உருட்டி, "ட்ர்ர்ர்ரியோ... ஹா... ஹா" என்று கிடையைக் கூப்பிடுகிற சத்தம் கொடுத்தாள். தோண்டிக்கொண்டிருந்த இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை அடக்கிவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, கீழ்ப்பக்கம், சமையல்கட்டுச் சுவரை ஒட்டி, தரைக்கு அடியிலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

வெயிலுகந்தம்மாள் மண்டியிட்டுக் கையால் பறித்தாள். ராதாமணி சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து அள்ளிப் போட்டாள். ஆண்கள் இருவரும் கீழே இறங்கி வந்தார்கள். முதல் ஆடு தானாக எழுந்து நின்றது. இரண்டாவது விறைத்துக் கிடந்தது. அவள் கொங்காணியைக் கழற்றி அதன் நெஞ்சையும் விலாவையும் அழுத்தித் தேய்த்தாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு அது காதை அசைத்தது. மூன்றாவது செத்துப்போயிருந்தது. ஓட்டல்காரர் அதன் தலையில் கை வைத்தபடி பனியில் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரண்டாவது ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பங்கரையில் படுக்கவைத்தாள்.

அறைக்கு வந்தபோது சாமித்துரை எழுந்து உட்கார்ந்திருந்தார். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. கல்யாணமான புதிதில் குடியிருப்புக் கிணற்றடியில் அவள் ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டபோது, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள் என்று மூன்று நாள் பேசாமல் இருந்தவர் அவர்.

"நீயா கூப்பிட்டே?"

"ஆமா."

"வந்துதா?"

"ரெண்டு வந்துது."

"எங்கப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவாவ. ஆட்டை வித்த பொறவும் தண்டவாளத்துல நின்னுக்கிட்டுக் கூப்பிடுவாவ" என்றார். இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு, பல் தேய்த்துவிட்டாரா என்று கேட்டாள்.

சாயங்காலம் அவள் ஒரு தட்டு நிறையப் புதுப் பனியை அள்ளிக்கொண்டு வந்தாள். கணப்பு எரிகிற அறையில் அது ஓரம் கரைந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் விரலால் தொட்டார். முகர்ந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரானதும் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, "சரி" என்றார்.

பனி விழுந்து சின்ன ரயில் இரண்டு நாள் ஓடவில்லை. கிளம்பும்போதும் சாமித்துரை அதே கூலிக்காரரின் முதுகில்தான் ஸ்டேஷனுக்கு வந்தார். ஓட்டல்காரர் வாசல்வரை வந்து வெயிலுகந்தம்மாளிடம் நிறையப் பேசினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். என்ன சொன்னார் என்று சாமித்துரை கேட்டதற்கு, ஆட்டைப் பற்றித்தான் என்றாள்.

லீவுக்கு மேல் தங்கிய இரண்டு நாளுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கம் கேட்டார். சாமித்துரை "பனி" என்று எழுதிக் கொடுத்தார். மழையே அபூர்வமான ஊரில் அந்தக் காரணத்தை ஏற்பதா மறுப்பதா என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியவில்லை. தாளை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். பதில் வரவில்லை.

செய்யது அலி கடையில் சாமித்துரை பனி விழுவதை நாலைந்து விதமாக விவரித்தார். முதலில் பஞ்சு மாதிரி என்றார். தை கழிந்து பருத்தி வெடிக்கிற சமயத்தில் கேட்டவர்களிடம், அது பஞ்சைவிடப் பெரிது என்றார். செய்யது அலியின் மனைவி ஜரினா வெயிலுகந்தம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அவிய சொல்லுதது எல்லாம் நெசமா?" என்று கேட்டாள். அவிய சொல்வது குறைச்சல்தான் என்றாள் வெயிலுகந்தம்மாள். பிறகு, அங்கே ஆட்டுக்கு மயிர் நீளம், தேய்க்கிறதுக்குக் கை வலித்துவிட்டது என்றும் சொன்னாள்.

பங்குனியில், இரண்டு வெள்ளாடு வாங்க வேண்டும் என்று அவள் சொன்னாள். எங்கே கட்டுவாய் என்று மட்டும் சாமித்துரை கேட்டார். குடியிருப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் கட்டினாள். காலையில் அவள் கொடுக்கிற சத்தம் பிளாட்பாரம்வரை கேட்கும். யாராவது அது என்ன சத்தம் என்று கேட்டால், "எங்க வீட்டுலதான். ஆட்டுக்காரக் குடும்பம்லா" என்று சாமித்துரை சொன்னார். முதல் தடவை சொல்லும்போது காது சிவந்தது. பிறகு பழகிவிட்டது.

1964இல் அவரைக் கடம்பூருக்கு மாற்றினார்கள். அதற்குள் ஆடு ஐந்தாகியிருந்தது. சாமான் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் வெயிலுகந்தம்மாள் பிள்ளைகளோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தாள். கடம்பூரில் யாருக்கும் சிம்லா விஷயம் தெரியாது. சாமித்துரை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.