ஐம்பத்தாறாம் நாள் கத்திய பசு

பசுவைக் காளையிடம் விட்டுவந்தால் இருபத்தொரு நாள் எண்ண வேண்டும். மறுபடி பருவத்துக்கு வந்து கத்தாவிட்டால் சினை பிடித்திருக்கிறது என்று பொருள். சமையலறைக் கலண்டரில் தினமும் ஒரு கோடு போட்டேன். இருபத்தொன்று கடந்தது, நாற்பத்திரண்டும் கடந்தது. கன்று நிச்சயம் என்று மனைவியிடம் சொன்னேன். ஐம்பத்தாறாம் நாள் பசு கத்தியது. வாலடியில் சீழ் வடிந்திருந்தது.

உக்குவளையிலிருந்து மாட்டு டொக்டர் வந்தார்.

"சினை பிடிச்சுக் கலைஞ்சிருக்கு சேர். காளைகிட்டருந்து தொத்தியிருக்கும். மூணு மாசம் காளைகிட்ட விடாதீங்க, பசு தேறிடும். காளைக்கு அது லேசுல போகாது. வெளியே ஒன்னும் தெரியவும் தெரியாது. சோதிச்சுப் பாக்கணும்."

காளை பக்கத்து வீட்டு மிளகு வியாபாரியுடையது. அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் காசு வாங்குவதில்லை. கன்று பிறந்ததும் முதல் சீம்பாலை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். இனாமாக வரும் காளையில் யார் குறை கேட்பது? போன வருடம் இந்தக் காளைக்கு ஏழு கன்றுகள் என்று எண்ணி ஊரெல்லாம் சொன்னவன் நான். இந்த வருடம் ஒரு வீட்டிலிருந்தும் சீம்பால் போகவில்லை என்பதை நான் எண்ணவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் வியாபாரி சிரித்தார்.

"மனுசன் மாதிரி இவனுக்கும் கெட்ட சகவாசமா சேர்? எப்படி நிக்கிறான் பாருங்க."

"இந்த வருசம் எத்தனை கன்னு நானா?"

அவர் காளையின் முதுகைத் தடவினார். "மழை சரியில்லையே."

"டொக்டர் ஒருக்கா பாக்கட்டுமே."

"பாத்துட்டு அறுக்கச் சொல்லுவாரு. வேணாம் சேர்."

அப்போது எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து ஒரு பெண் தன் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.

"இந்தக் காளை வேணாம்மா, நோய் இருக்கும்போல. சினை ஊசி போடுறவரைக் கூப்பிடு" என்றேன்.

"கூப்பிட்டேங்க ஐயா. நாளைக்கழிச்சு வாறாராம். இது இன்னைக்குல்ல கத்துது? நல்ல காளைன்னு நீங்கதானே சொன்னீங்க."

வியாபாரி என்னைப் பார்க்காமல் படலையைத் திறந்துவிட்டார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்து இந்த வருடம் அந்தக் காளையிடம் வந்த ஆறாவது பசு அது.

வீட்டுக்கு வந்து, கலண்டரில் அந்தப் பசுவுக்கும் ஒரு கோடு போட்டேன். எத்தனையாம் நாள் வரை போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.