நுரைப் பக்கம்

நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். லேசாக அல்ல, மூன்று மாதம் சோறு தண்ணி இறங்காத அளவுக்கு. அதுவும் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் மேல்.

அறுபதுகளின் நடுவில் நொய்யல் கரை ராயபுரத்தில் ஒரு கைத்தறிச் சேலைக் கம்பெனியில் டிசைன் மாஸ்டராக இருந்தேன். தீபாவளிக்கு எங்கள் கம்பெனியிலிருந்து என்னென்ன சேலை போகவேண்டும் என்பதை எட்டு வருஷமாக நான்தான் முடிவு செய்துகொண்டிருந்தேன். சித்திரையில் கட்டம் போட்ட தாளை விரித்து உட்கார்ந்தால் ஆடிக்குள் பன்னிரண்டு மாதிரிச் சேலைகள் தறியிலிருந்து இறங்கிவிடும். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர், கிளிப்பச்சையில் கோபுரம், கத்தரிப்பூ நிறத்தில் கட்டம். மதுரை, சேலம், திருச்சிக் கடைக்காரர்கள் வந்து பார்த்து ஆர்டர் சொல்லிவிட்டுப் போவார்கள். கம்பெனியில் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியிருந்தது.

ஒன்பதாம் வருஷச் சித்திரையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், பாப்பா படிக்கிற ஸ்கூலுக்கு தூத்துக்குடியிலிருந்து ஒரு டிராயிங் டீச்சர் வந்திருக்காங்க. கடலை வெச்சு ஆறு சேலை வரைஞ்சு குடுத்திருக்காங்க. நீங்க ஆறு, அவங்க ஆறுன்னு வெச்சுக்கலாமுங்களா?"

கேட்டதெல்லாம் மரியாதைக்கு. தாள்கள் ஏற்கெனவே அவர் மேஜை மேல் இருந்தன.

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சங்கின் உள்பக்கத்து ரோஸ் ஒன்று. ஈர மணல் நிறம் ஒன்று. நம்ம ஊர்ப் பெண்களுக்கு மணலைச் சுற்றிக்கொள்ள என்ன தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். ஆறிலும் முக்கியமானது கடைசித் தாள். காலடியில் வெள்ளை நுரை, கோடு கோணலாக. அதற்கு மேல் இளம்பச்சை, பிறகு நீலம், இடுப்புக்குப் போகும்போது கருநீலம். மேல் பார்டர் கிடையவே கிடையாது.

நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மழைக்காலத்து நொய்யல்தான் எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர். ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்ததும் இது எனக்கு வராது என்று தெரிந்துவிட்டது. "அடியில வெள்ளை வெச்சா ஒரு நடையில அழுக்காயிருமுங்க" என்று மட்டும் சொன்னேன்.

தறி வேலை நடக்கும் நாட்களில் டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் வருவார். இருபத்தைந்து வயது இருக்கும். மை பட்ட விரல்களால் நூலைத் தொட்டுப் பார்ப்பார். "அண்ணாச்சி, கரையில நின்னா கால்கிட்ட வெளுப்பு, தூரம் போகப் போகக் கருப்பு. நடக்கயில நுரை கூடவே வரணும்" என்பார். நெசவாளிகள் என்னிடம் எட்டு வருஷத்தில் கேட்காத கேள்விகளை அவரிடம் கேட்டார்கள். ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு அலை எவ்வளவு உயரம் வரும் என்று விசாரித்தார். என் கோபுரம் எவ்வளவு உயரம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

மாதிரிகளை மடித்து அடுக்குவது, கடைக்காரர்களுக்கு எடுத்துக் காட்டுவது இரண்டும் என் பொறுப்பு. சேலை வியாபாரத்தில் பாதி மடிப்பில்தான் இருக்கிறது. அகலத்தில் இரண்டாக மடிக்கும்போது எந்தப் பாதி வெளியே வருகிறதோ அதுதான் சேலையின் முகம். கடல் சேலையை நான் நுரைப் பாதி உள்ளே போகும்படி மடித்தேன். மற்ற ஐந்தையும் அதே மாதிரி, மங்கிய பக்கம் வெளியே வர. தவறென்று யாரும் சொல்ல முடியாது. மடிப்பு நேராக இருந்தது, ஓரம் ஓரத்தோடு சேர்ந்திருந்தது.

கடைக்காரர்கள் வந்தார்கள். என் ஆறு சேலைகளையும் உதறி, முந்தியை ஜமக்காளத்தின் மேல் விசிறிவிட்டேன். டீச்சருடையதை அடுக்கோடு தள்ளிவைத்து ஓரத்தை மட்டும் விரலால் தூக்கிக் காட்டினேன்.

"என்னங்க இது, நல்ல நாளும் அதுவுமாக் கருப்பா? எவ கட்டுவா?" என்றார் மதுரைக்காரர்.

மற்றவர்கள் சிரித்தார்கள். விற்காது என்று வியாபாரி சொன்னால் முதலாளிக்கு அதற்கு மேல் பேச்சில்லை. ஆர்டர் மொத்தமும் எனக்கு வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், அன்றைக்கு இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

சாயங்காலம் டீச்சர் வந்தபோது அடுக்கு அப்படியே இருந்தது. "அவங்களுக்குப் பிடிக்கலீங்க டீச்சர்" என்றேன். அவர் கருநீல மடிப்பின் மேல் விரலை ஓட்டினார். "அப்படியா அண்ணாச்சி" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

விலைபோகாத மாதிரிகளை ஆயுதபூஜைக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பது வழக்கம். முதலாளி தன் கையால் எடுத்துக் கொடுத்ததில் எனக்கு வந்தது கடல் சேலை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் போட்டேன்.

தீபாவளியன்று காலையில் என் மனைவி அதைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எண்ணெய்க் குளியல் முடிந்த ஈரத் தலை. கோலத்தைத் தாண்டி நடந்தாள், திரும்பினாள். காலைச் சுற்றி நுரை ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அழகாக இருக்கிறாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதே நெஞ்சு டீச்சரைத் திட்டவும் செய்தது.

"ஏனுங்க, இது நீங்க போட்டதுங்களா?" என்று கேட்டாள்.

அதற்கு முன் எட்டு தீபாவளிக்கு என் சேலையைக் கட்டியிருக்கிறாள். ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. அவள் கண்ணில் இருந்த பெருமையை நான் விடத் தயாராக இல்லை.

"ஆமா" என்றேன்.

கார்த்திகையில் ஒரு நாள் சந்தைக்குப் போயிருந்தோம். அவள் அந்தச் சேலையில்தான் இருந்தாள். ஊத்துக்குளி வெண்ணெய்க்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது டீச்சர் எதிரே வந்து நின்றார். அவர் பார்வை முதலில் சேலையின் அடியில் விழுந்தது. நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தறியில் ஓடிய நூலாகத்தான் அதைப் பார்த்திருக்கிறார். உடம்பில் பார்ப்பது அன்றைக்குத்தான்.

இன்னார் என்று நான் சொல்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "நல்லாருக்குதுங்களா? எங்கூட்டுக்காரரு போட்ட டிசைனுங்க."

டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பிச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா. மடிச்சு வைக்கயில மட்டும் இந்த நுரைப் பக்கம் வெளிய தெரியுற மாதிரி மடிங்க. உள்ள போட்டா வெறும் கருப்பாத்தான் தெரியும்."

கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கூட்டத்தில் போனார். அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டதாகக் கேள்வி. போன பிறகும் என் பொறாமை தீரவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனாரே, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அன்று சாயங்காலமே என் மனைவி அதை அவர் சொன்னபடி மடித்து வைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் மடிக்கிறாள். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நுரை கண்ணில் படுகிறது. ஆமா என்று சொன்ன வாயால் இன்னும் இல்லை என்று நான் சொல்லவில்லை.