கருப்பட்டியை வாடகை என்றார்கள்

மெர்சி போய்விட்டாள். இன்று காலை, நாசரேத்தில், அவள் வீட்டிலேயே.

அவள் படத்தைப் போட்டு "சாந்தமே உருவானவர்" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. மெர்சியா? சாந்தமா?

எனக்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது. எழுத முடியாததால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்த புதிது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை ஆபீஸ். மெர்சியும் பிலோ என்கிற நானும் அங்கே டைப்பிஸ்ட். அடுத்தடுத்த மேஜை.

தோணியில் கொழும்பு போகும் சரக்கு, வீடு, கார்... எல்லாவற்றுக்கும் அங்கே பாலிசி உண்டு. எல்லாம் இங்கிலீஷில். ஏஜெண்ட் விரலால் இடத்தைக் காட்டுவார், வந்தவர் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான்.

காயல்பட்டினத்து ஜவுளி வியாபாரி மீரான் காக்காவும் அப்படித்தான் போட்டார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். குடும்பத்துக்கென்று ஒரு பழைய கார் வைத்திருந்தார்.

ஒருநாள் அவர் தூத்துக்குடிக்கு வரும்போது, ஆறுமுகநேரியில் ஒரு உப்பளத் தொழிலாளி நடுரோட்டில் நின்று காரை மறித்தார். அவர் மனைவி இசக்கியம்மாளுக்குப் பிரசவ வலி. காக்கா இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

முத்தையாபுரம் பக்கம் மாடு குறுக்கே வர, கார் ஓடைக்குள் இறங்கிவிட்டது. முன்பக்கம் நொறுங்கிப்போனது. ஆட்களுக்குப் பெரிய அடி இல்லை. பின்னால் வந்த வண்டிக்காரர் இசக்கியம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பெண் குழந்தை.

நடந்ததை எல்லாம் எழுதிக் காக்கா நஷ்டஈடு கேட்டார். சேதத்தைக் கணக்குப் போடக் கம்பெனி சர்வேயர் காரைப் பார்க்கப் போனார். பின் சீட்டில் ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி இருந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மேனேஜர் மெர்சியைக் கூப்பிட்டு லெட்டர் சொன்னார். இது சொந்த உபயோகத்துக்கான பாலிசி... நீங்கள் வாடகைக்கு ஆள் ஏற்றியிருக்கிறீர்கள்... வாடகையாகக் கருப்பட்டி வாங்கியிருக்கிறீர்கள்... ஆகவே நஷ்டஈடு கிடையாது.

கருப்பட்டி வாடகையாம். கேளுங்கள்.

மெர்சி மெஷினிலிருந்து கையை எடுத்தாள். "சார், பிள்ளத்தாச்சியக் கொண்டுபோனத வாடகைன்னா அடிக்கச் சொல்லுதீங்க?"

"அடிக்கிறதுதான் உன் வேலை. கேள்வி கேக்கிறது இல்ல."

அடித்துக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏளா பிலோ, லீவு அன்னைக்கு ஆறுமுகநேரி வாரியா?"

போனோம். இசக்கியம்மாள் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சொன்னது முதலில் அவருக்குப் பிடிபடவே இல்லை. பிடிபட்டதும் எழுந்துவிட்டார்.

"வாடகையா? பிள்ளைக்குச் சேனை வைக்க எங்கம்மா கட்டிக்கொடுத்த கருப்பட்டில்லா அது. வலியில காருக்குள்ளயே விட்டுட்டேன். அத எந்தப் பய எடுத்தான்?"

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் தொட்டு வைக்கும் இனிப்பு... அதைத்தான் இந்தக் கம்பெனி வாடகை என்று எழுதியது.

அடுத்த வாரம் இசக்கியம்மாள் கைக்குழந்தையோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். கூடவே புருஷன், மீரான் காக்கா. கவுண்டரில் நல்ல கூட்டம். மேனேஜர் உள்ளே வரச் சொன்னார். இசக்கியம்மாள் அசையவில்லை.

"இங்கனயே பேசுங்க. எம்பிள்ள கருப்பட்டி எங்க?"

மேனேஜர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் ஜன்னலைப் பார்த்தார். கருப்பட்டி அவர் வீட்டுக் காப்பியில் எப்போதோ கரைந்துபோயிருந்தது.

மெர்சி எழுந்து போனாள். "காக்கா, எதுக்கெல்லாம் பணம் தர மாட்டாங்கன்னு கையெழுத்துக்கு முன்னாடி யாராவது சொன்னாங்களா?"

"இல்லம்மா. இங்கன போடுன்னாங்க, போட்டேன்."

அவர் பாலிசியை வாங்கி அங்கேயே தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். வரிசையில் நின்ற பலசரக்குக்கடை அண்ணாச்சி தன் வீட்டுத் தீ பாலிசியை நீட்டினார். "எனக்கும் பாத்துச் சொல்லு தாயி."

"ஓட்டு வீட்டுக்குத்தான் அண்ணாச்சி. ஓலை வேஞ்ச அடுக்களையில பிடிச்சா ஒண்ணும் வராது."

"தீ அடுக்களையிலதானம்மா பிடிக்கும்?"

கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிற ஒருவர் தன்னுடையதை எடுத்தார்... அதற்குள் மேனேஜர் வந்து மெர்சியை வெளியே போகச் சொன்னார். வேலையை விட்டே.

ஊர் பார்த்துவிட்டதால் காக்காவுக்குப் பணம் வந்தது. சர்வேயருக்கு ஒன்றும் ஆகவில்லை. மெட்ராசுக்குப் பிரமோஷனில் போனான்.

வேலை போன அன்று வாசலில் நின்று மெர்சி அழுதாள். "வீட்டுல என்னளா சொல்லுவேன்? தம்பி படிப்பு என்னாகும்?" நானும் உள்ளே போய் என் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா திட்டினார். திட்டட்டும்.

காக்கா தன் கடையில் மெர்சிக்கு லெட்டர் எழுதும் வேலை கொடுத்தார். கல்யாணம் வரைக்கும் அங்கேதான் இருந்தாள். நான் கான்வென்ட் ஸ்கூலுக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? போனில் "சம்மதம்" என்று ஒரு தட்டு, முடிந்தது. காரோ வீடோ வெளிநாட்டுப் பயணமோ... தட்டும் முன்னால் மெர்சி கேட்டதைக் கேளுங்கள். எதற்கெல்லாம் தர மாட்டீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜெண்ட் நிரப்பிய ஃபாரத்தைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். விபத்து என்றால் வண்டியையும் உள்ளே இருக்கும் சாமானையும் நீங்களே முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

நாளை அடக்கம். என் கால் நாசரேத் வரை வராது. மகன் போகிறான்.

மெர்சி... எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நீ தூங்குளா.