நெஞ்சுக்குப் பெட்டி கட்டிய நாள்

எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிடும். ஆட்டுரலில் ஓடுகிற குழவி சட்டென்று தடைபட்டு, பிறகு தொம்மென்று கிளம்புமே, அந்த மாதிரி. நின்றது நின்றபடியே இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் என் வலது கை எந்நேரமும் இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது கேட்டால் வளையல் இறுக்குகிறது என்பேன். உள்ளதைச் சொல்லக் கூச்சம்.

அந்தச் சமயம் பார்த்து, பத்தமடையில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் வீடுகளில் சீர் முறுக்கைக் கையால்தான் சுற்ற வேண்டும், அதுவும் ஏழு சுற்று. அது என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் நடுவில் பேசத் தெரியாது. கல்யாண வீட்டில் முறுக்குத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் என்னைத் தேடி ஆள் வரும். ஆனால் இந்தத் தடவை, சுற்றும்போதே நெஞ்சு நின்று மாவின்மேல் சரிந்துவிட்டால் கல்யாணம் என்னாகும்? வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். 

வண்ணார்பேட்டை டாக்டர் எடுத்த ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே போனால் என் நெஞ்சு, இன்ஸ்பெக்டரைக் கண்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் கைகட்டி உட்கார்ந்துகொள்ளும். ஸ்கேனிலும் குறை இல்லை. கடைசியில் ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். நெஞ்சில் ஒட்டிய வயர்கள் இடுப்புப் பெட்டிக்குப் போகும். உள்ளே ஓடும் கேசட்டில் துடிப்பெல்லாம் பதிவாகும்.

"ஒரு நாள் முழுக்க இருக்கணும்மா. குளிக்காதீங்க. நெஞ்சு குதிச்சா மணியைப் பாத்து, அப்ப என்ன செஞ்சிக்கிட்டிருந்தீங்கன்னு இந்த நோட்டுல எழுதுங்க. தினம் செய்ற வேலையெல்லாம் செய்யணும்" என்றார் நர்ஸம்மா.

நான் ஒரு வேலையும் செய்யவில்லை. இவ்வளவு பெரிய மிஷின் பார்த்துக்கொண்டிருக்கும்போது மரியாதையாக இருக்க வேண்டாமா? நல்ல சேலை உடுத்திக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன். பென்சிலைப் பிடித்தே வருஷக்கணக்காகியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் மூன்றரை மணிக்குத் தங்கை வந்து நின்றாள். கையில் முறுக்கு மாவு. முகத்தில் கோபம்.

"நீ வரவேண்டாம் அக்கா. நான் சுத்திப் பழகுதேன். தப்பை மட்டும் சொல்லு, போதும்." பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். "அது என்ன, டிரான்சிஸ்டரா? நியூஸ் சொல்லுமா?"

"நான் எப்பம் போவேன்னு சொல்லுமாம்."

"அப்பம் கல்யாணம் முடிஞ்சப்புறம் போகச் சொல்லு!"

துணியை விரித்துச் சுற்ற ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்றிலேயே பிய்ந்தது.

"ஏட்டி, இது முறுக்கா, மண்புழுவா? மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்லுவே?"

"ஆத்துல மீனுக்குப் போடுங்கன்னு சொல்லுவேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. மாவை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஒன்று சுற்றினேன், பிறகு இன்னொன்று. அவள் தன் மாமியாரைப்போல் பேசிக் காட்டினாள், நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாவு தீர்ந்தபோது மணி ஐந்தரை. துணி நிறைய ஏழு சுற்று முறுக்கு. மணிக்கட்டைத் தொடவும் இல்லை, நோட்டை எடுக்கவும் இல்லை.

மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டருக்கு என் எழுத்து விளங்கவில்லை. "நீங்களே வாசிங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார். வெட்கத்தை விட்டு வாசித்தேன்.

"காலை எட்டரை. சும்மா இருந்தேன். குதித்தது. பத்து மணி. இவுக வந்து, இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாக. குதித்தது. பத்தேகால். மறுபடியும் கேட்டாக. குதித்தது."

"அக்கறையாக் கேட்டதுக்கு இப்படியா எழுதி வைக்கது!" என்றார் இவர். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, பெட்டியில் பதிந்த துடிப்பைக் கோடுகோடாகக் காட்டும் நீளத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க எழுதின நேரத்துல துடிப்பு கொஞ்சம் வேகமா இருக்கு, அவ்வளவுதான். பயத்துல வர்றது. ஆனா மூன்றரையிலிருந்து ஐந்தரை வரைக்கும் பாருங்க, இங்க, இங்க, இங்க... எத்தனை தடவை தவறியிருக்கு! ஒண்ணுகூட எழுதலையே? அப்ப என்ன செஞ்சீங்க?"

"முறுக்குச் சுத்தினேன்."

"பயமா இருந்ததா?"

"சிரிப்பாணியா இருந்தது" என்றேன்.

"இதயத்துல கோளாறு இல்லம்மா. இந்த மாதிரித் தவறல் பலருக்கு உண்டு, உங்களுக்குக் கெடுதல் செய்யாது. மயக்கம் வந்தா மட்டும் உடனே வாங்க. காப்பியைக் குறைங்க. முறுக்கைக் குறைக்க வேண்டாம்."

நான் எதற்குப் பயந்தேனோ அது ரெண்டு மணி நேரம் என்னோடேயே உட்கார்ந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

வெளியே வந்ததும் இவர், "வீட்டுக்குப் போவமா?" என்றார்.

"நீங்க போங்க. நான் பத்தமடைக்குப் போறேன். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள்தானே இருக்கு."

"மாத்துச் சேலை?"

"தங்கச்சி தருவா."

மேலப்பாளையம் தாண்டும்போது நெஞ்சு ஒரு குதி குதித்தது. கை தானாக மணிக்கட்டுக்குப் போயிற்று. போன கையால் பஸ் ஜன்னலைத் திறந்துவிட்டேன். நல்ல காற்று.

தங்கை வீட்டு நடையில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அங்கிருந்தே கத்தினேன்: "ஏட்டி, முறுக்குக்கு அரிசி எத்தனை படி ஊறப்போட்டிருக்கே?"