மூன்று சுவரைச் சுற்றிய ஒயர்

என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரம்கூட ஆகாதபோது, அவள் பிறந்த தோட்டத்து அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. காரில் காலை மடக்கி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயில்காரர்கள் இணையத்தில் நேரலை போடுவதாக அறிவித்தார்கள். கைப்பேசியில் பார் என்றேன்.

"அதுல கோபுரம் தீக்குச்சி மாதிரி தெரியும். கலசத்துல தண்ணி ஊத்துறத நான் கண்ணால பாக்கணும்."

டிவியில் பளிச்சென்று காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அங்கே பிடித்தது சனியன்.

ராவாங்கில் வேலை செய்யும் மகள், பழைய மடிக்கணினியையும் அதை டிவியோடு சேர்க்கும் மூன்று மீட்டர் ஒயரையும் விட்டுப்போயிருந்தாள். இணையப் பெட்டிக்குப் பக்கத்தில், வாசலோரம் வைத்தால்தான் அந்தக் கணினி ஒழுங்காக ஓடும். டிவி உள்பக்கச் சுவரில். நடுவே சாமி மேடை. மேடைக்குக் கீழே விட்டால் மூன்று மீட்டர் போதும். ஆனால் கண்ட கண்ட படமும் போகிற ஒயர் சாமி காலடியில் ஓடுவதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போய்ப் பதினைந்து மீட்டர் ஒயர் கேட்டேன்.

கடையில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். "பதினஞ்சா? வீட்டுக்கா அங்கிள், இல்ல மண்டபத்துக்கா?"

"வீட்டுக்குத்தாம்மா."

"இந்த ஒயரு நீளம் கூடுனா படம் விட்டு விட்டு வரும் லா. குட்டையா வாங்குங்க."

நான் கேட்டால்தானே. சமையலறை வாசலுக்கு மேலே ஏற்றி, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இறக்கி, மூன்று சுவரையும் சுற்றி ஆணி அடித்ததில் கட்டைவிரல் வீங்கியது. போட்டுப் பார்த்தால் படம் முழுக்கக் கொசு மொய்த்தது போல வெள்ளைப் புள்ளி. மறுநாள் போய், முனையில் தங்க முலாம் பூசியதைக் கேட்டேன்.

"முலாம் பூசுனா ஒயரு குட்டையாயிடுமா அங்கிள்?"

புள்ளி குறைந்தது. அதற்குப் பதிலாகத் திரை நினைத்தபோதெல்லாம் இருண்டது.

கும்பாபிஷேகக் காலையில் குளித்து, விளக்கேற்றி, தாயே என்று கணினியைத் திறந்தேன். யாகசாலைப் புகை தெரிந்தது. இருண்டது. ஐயர் தலையில் குடத்தோடு நடந்தார். இருண்டது. நான் ஒயரைப் பிடுங்கிச் சொருகி, டிவியின் முதுகில் தட்டி, வாய்விட்டுத் திட்டவும் முடியாமல் நின்றேன்.

"ஏங்க," என்றாள். "மேடையில எரியுதே செவப்பு லைட்டு, அதோட ஒயரு எங்க ஓடுது?"

அம்மன் படத்துக்குப் பின்னால்தான் ஓடுகிறது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று ஆணி அடித்தவனும் நான்தான்.

"அதுக்குக் கோவிச்சுக்காத ஆத்தா, இதுக்கா கோவிச்சுக்குவா? ஐயரு மேல ஏறப் போறாருங்க!"

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகளின் ஒயரைக் கணினியில் மாட்டி, மேடைக்குக் கீழே தள்ளி, டிவிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுச் சொருகினேன்.

"வந்துருச்சு! கலசத்துல சுத்துன நூலுகூடத் தெரியுது! அசையாதீங்க!"

கை சுவரிடுக்கில், கன்னம் சுவரில். அசையவில்லை. மேளம் கேட்டது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "தாயே, தாயே" என்று அழுதாள். அதைத்தான் நான் பார்த்தேன். கையை உருவிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தபோது, ஐயர் வெறுங்குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

பதினைந்து மீட்டர் இன்னும் சமையலறை வாசலில் தொங்குகிறது. கழற்றப் போனால் கட்டைவிரல் வலிக்கிறது.